நாக்கைத் தூக்குங்க

மனநல ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுப்பது கையில் கொடுத்ததோடு முடிகிற வேலை இல்லை. நோயாளி தண்ணீர் குடித்து விழுங்கியதும், "வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க, கன்னத்தை இழுத்துக் காட்டுங்க" என்று சொல்லி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மாத்திரையை வாய்க்குள்ளேயே எங்காவது ஒதுக்கிவைத்துவிட்டு, நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிடுவார்கள். இந்தப் பழக்கம் என்னோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது. செகந்திராபாத் அல்வாலில் எங்கள் வீட்டில் என் கணவர் தலைவலி மாத்திரை போட்டால்கூட, சமையலறையிலிருந்தே "நாக்கைத் தூக்குங்க" என்று சத்தம் கொடுப்பேன். அவரும் பாவம், தூக்கிக் காட்டுவார்.

நான் வேலை பார்த்தது ஹப்சிகுடாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஊரின் மேற்கே கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எங்கள் நர்ஸ்களில் இங்கிலீஷ் சுமாராகத் தெரிந்தவர்கள் எல்லாரும், அமெரிக்க டாக்டர்கள் பேசியதைக் கேட்டு டைப் அடிக்கும் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஏசி உண்டு, வீட்டிலிருந்து கூட்டிப்போக கேப் உண்டு, யாரும் தட்டைத் தூக்கி முகத்தில் எறிய மாட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள்தான் வார்டைப் பார்த்துக்கொண்டோம்.

வார்டில் ஒரு சட்டம் உண்டு. சாவிக்கொத்தை அடுத்த ஷிப்ட் நர்ஸின் கையில் கொடுக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது. நியாயமான சட்டம்தான். ஆனால் அடுத்த ஷிப்ட் நர்ஸ் என்று ஒருத்தி இருந்தால்தானே? காலை ஷிப்ட் மாலையில் போய் ஒட்டிக்கொள்ளும், மாலை இரவில் போய் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் நோயாளிகளைப் பூட்டிவைத்திருப்பதாக வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சாவி என் இடுப்பில் இருந்தது உண்மை. பூட்டிக் கிடந்தது நானும்தான்.

அப்போதுதான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாளையங்கோட்டையில் மண்டபம் பார்த்துவிட்டார்கள். எங்கள் அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். "நீ வராம நான் மணைல உக்கார மாட்டேன்க்கா, பாத்துக்கோ" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். நான் மேட்ரனிடம் போய் நின்றேன்.

மேட்ரன் லோத்குண்டாக்காரர். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். கோபம் வந்தால் அவருடைய தமிழுக்குள் உருது புகுந்துகொள்ளும்; வேண்டாம் என்பது 'நக்கோ' ஆகிவிடும், எதுக்கு என்பது 'கைக்கு' ஆகிவிடும், ஆமாம் என்பது 'ஹவ்' ஆகிவிடும்.

"அஞ்சு நாள் போதும் மேடம்."

"நக்கோ மா. நீ போனா சாவி யாரு புடிப்பா? பெரிய டாக்டரையே போய்க் கேளு. என்னைக் கைக்குக் கேக்கறே?"

பெரிய டாக்டர் என்பவர் ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர். அப்போது அவருக்குப் புதிதாக ஒரு ஞானம் பிறந்திருந்தது. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு வேலைச் சோர்வு வருகிறது, அதைப் பற்றி அவர்கள் ஆபீஸுக்கே போய் வகுப்பு எடுக்கலாம் என்று. வகுப்பு எடுக்க என்னைத் தேர்ந்தெடுத்தார். என் முகத்தில் ஒரு சாந்தம் இருக்கிறதாம். அது சாந்தம் இல்லை, தூக்கம். ஆனால் நான் போய்க் கேட்டதும், வகுப்பை நல்லபடியாக நடத்தினால் லீவு உண்டு என்றார். அதற்காக நான் புத்தர் மாதிரிகூட உட்காரத் தயார்.

இரவு டியூட்டி முடித்து, முகம் கழுவி, அதே யூனிஃபார்மில் போனேன். கம்பெனி ஹாலில் குளிர் எலும்பில் ஏறியது. மூலையில் டேபிள் டென்னிஸ் மேசை, பழக்கூடை. சனிக்கிழமையும் மெயில் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு பையன் கண் கலங்கினான். நான் மைக்கைப் பிடித்து, நன்றாகத் தூங்குங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், முடியாது என்று சொல்லப் பழகுங்கள் என்று அறிவுரை வழங்கினேன். காலையிலிருந்து நான் சாப்பிட்டது ஒரு டீ. எனக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஒரு பயிற்சி. ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை வாயில் போட்டு, கண்ணை மூடி, ருசியை மட்டும் நிதானமாகக் கவனிக்க வேண்டும். நான் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாக வந்தேன். முதல் ஆள் மிட்டாயை வாயில் போட்டார். என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய் டார்ச்சை எடுத்தது.

"நோரு தெரவண்டி" என்றேன், வார்டில் சொல்கிற அதே தெலுங்கில். "நாலுக எத்தண்டி."

அவர் வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கினார். நான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தேன். அவரும் தூக்கினார். வரிசை முழுக்கத் தூக்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த மேனேஜர், முறை வருவதற்கு முன்பே வாயைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். பாதி ஹால் தாண்டிய பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் வார்டிலாவது ரெண்டு பேர் முறைப்பார்கள்.

மானம் போயிற்று, லீவும் போயிற்று என்று திரும்பி வந்தேன். லீவு போனது உண்மை, காரணம்தான் வேறு. பிரமாதமான பயிற்சி, பிறர்மேல் நம்பிக்கை வைக்கக் கற்றுக்கொண்டோம் என்று கம்பெனிக்காரர்கள் பாராட்டித் தள்ளிவிட்டார்களாம். அடுத்தடுத்து வேறு கம்பெனிகளும் கேட்டுவிட்டன. "இந்த நேரத்துல உங்களை எப்படிம்மா விட முடியும்?" என்றார் பெரிய டாக்டர். தேதிகளைப் பார்த்தேன். தங்கையின் முகூர்த்தத்தன்று எனக்கு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வகுப்பு.

அவர் எதிரிலேயே உடைந்து அழுதேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, தலையை லேசாகச் சாய்த்தார். நோயாளிகளைப் பார்க்கும்போது அப்படித்தான் சாய்ப்பார்.

"எவ்வளவு நாளா இப்படி அழுகை வருது?"

"லீவு இல்லைன்னு நீங்க சொன்னதிலேர்ந்து சார்."

"தூக்கம் எப்படி?"

"தூங்க விட்டாத்தானே சார் தெரியும்."

அவர் தலையாட்டிக்கொண்டே மாத்திரைச் சீட்டு எழுதினார். இது வேலைச் சோர்வின் ஆரம்பம், தினமும் ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்றார். லீவைப் பற்றி மூச்சு விடவில்லை. மேட்ரனைக் கூப்பிட்டு, முதல் மாத்திரையைப் பக்கத்தில் நின்று கொடுக்கச் சொன்னார்.

நர்ஸ் அறையில் மேட்ரன் மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்பது ஒரு வியாதியா? மாத்திரையை வாயில் போட்டு, மேல் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே, வலது பக்கம், ஆகக் கடைசியில் தள்ளினேன். எங்கள் வார்டு நோயாளி, ஜன்னலோரக் கட்டில் டீச்சரம்மா, மாத்திரையை வழக்கமாக ஒளித்துவைக்கும் இடம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதம் பிடித்தது. தண்ணீர் குடித்தேன்.

"வாயைத் தெற" என்றார் மேட்ரன். "நாக்கைத் தூக்கு."

தூக்கினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு அதை அணைத்தார்.

"மேல, வலது பக்கம், கடைசில. துப்பு மா."

துப்பினேன். வெட்கமாக இருந்தது. "எப்படி மேடம் தெரிஞ்சது?" என்றேன்.

"ஹவ், தெரியாமலா? எனக்கும் போன மாசத்துலேர்ந்து இதேதான் குடுக்கறாரு. நானும் அங்கதான் வெக்கறேன்."

அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். செக்கச்செவேல் என்று இருந்தது. அவர் கையை நீட்டினார்.

"சாவியைக் குடு. ஊருக்குப் போ."

"பெரிய டாக்டர் கேட்டா?"

"நீ மாத்திரை போட்டுட்டுத் தூங்கறதா சொல்றேன். மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படுவாரு."

இடுப்பிலிருந்து கொத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். சட்டப்படி இனி நான் வாசலைத் தாண்டலாம். மேட்ரன் கொத்தைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு வார்டுக்குள் போனார். உள்ளேயிருந்து கதவைப் பூட்டிக்கொண்டார்.