எட்டு மணி நேரத் தூரத்துக்கு ஒரு கப்பல்

திண்டுக்கல்லில் இருந்து கொச்சிக்குப் பஸ்ஸில் போனால் எட்டு மணி நேரம். நாங்கள் ஐந்து நாளில் போய்ச் சேர்ந்தோம். ஒன்றரை நாள் ரயிலில் மும்பை, அங்கே லாட்ஜில் ஒரு நாள், அப்புறம் கப்பல். மேற்கே இருக்கிற ஊருக்குப் போக வடக்கே அவ்வளவு தூரம் போய்க் கடல் வழியாக இறங்கி வந்த குடும்பம் எங்கள் ஊரில் எங்களுடையதாகத்தான் இருக்கும். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

கப்பல் என் அக்காவின் யோசனை. வைகை அணையில் படகைப் பார்த்தாலே கரையில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுக்கிறவள். அவள் திடீரென்று ஒரு நாள், சாவதற்குள் கப்பலில் போக வேண்டும் என்று சொன்னபோது எனக்குச் சந்தேகம் வந்தது. போகிற ஊர்களின் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு நாள், காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை, கொச்சி. சந்தேகம் தீர்ந்துவிட்டது.

கொச்சியில் அக்காவின் ஒரே மகள் இருக்கிறாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் வேறு மதத்துப் பையனைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். கோயிலில் பூசையும் இல்லை, கல்யாணத்தை அறிவிக்கிற ஓலை வாசிப்பும் இல்லை, தாய்க்கு ஒரு வார்த்தையும் இல்லை. அக்கா போனில் "இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராத" என்று சொன்னாள். அவளும் வரவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேறு எந்தப் பேச்சையும் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் முறையில் வந்து நின்றது. எங்கள் ஆட்கள் கூப்பிடாத வீட்டுக்குப் போக மாட்டார்கள். பசியோடு வேண்டுமானால் இருப்பார்கள், கூப்பிடாத பந்தியில் உட்கார மாட்டார்கள். வராதே என்று சொன்ன வாய்தான் வா என்று சொல்ல வேண்டும் என்று மகள் இருந்தாள். தப்புச் செய்தவள்தான் முதலில் அழைக்க வேண்டும் என்று தாய் இருந்தாள். பேத்தி பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கியது. ஆனால் இந்த முறையில் ஒரு விலக்கு உண்டு. "இந்தப் பக்கமா வந்தோம், அப்படியே எட்டிப் பார்த்தோம்" என்றால் யாருக்கும் மானம் போகாது. பஸ்ஸில் போய் இறங்கினால் அது தேடிப் போனதாகிவிடும். திண்டுக்கல்காரி கொச்சியில் இறங்க வேறு என்ன காரணம் இருக்க முடியும்? கப்பல் அப்படியில்லை. அது எங்கே நிற்கும் என்பதைக் கப்பல்காரன் முடிவு செய்கிறான், நாம் என்ன செய்வது.

நான் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இவ்வளவு சுற்றி வளைத்து ஒரு கணக்கைப் போட்ட பிள்ளையை நான் வகுப்பில் கண்டதில்லை. இருந்தாலும் கூடப் போனேன். என் வீட்டுக்காரருக்குக் கப்பல் என்றதும் முதுகுவலி வந்துவிட்டது. ஆகவே அக்கா, அத்தான், நான், மூன்று பேர்.

கப்பலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தைத் தூக்கித் தண்ணீரில் போட்டு, பந்தியை மட்டும் நிறுத்தாமல் நடத்தினால் அதுதான் கப்பல். காலை ஏழு மணிக்கே ஒருவர் நீச்சல் குளத்தருகே அரை டிராயரோடு ஆடிக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய தொல்லை எங்கள் அறைக்குள் இருந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போதே அக்கா ஒரு பை நிறைய ஆயக்குடி கொய்யா கொண்டுவந்திருந்தாள். குமட்டலுக்கு நல்லதாம். ஒரு பழத்தைக்கூட அவள் தின்னவில்லை, எங்களையும் தொட விடவில்லை. மும்பையில் பழுத்தது, கடலில் கனிந்தது. அறையைச் சுத்தம் செய்ய வந்த ஆள் மூக்கைப் பிடிக்காத குறை. அவள் மகளுக்குக் கொய்யா என்றால் உயிர் என்பது எனக்குத் தெரியும் என்பதை அக்கா மறந்துவிட்டாள், அல்லது மறந்தது மாதிரி இருந்தாள்.

கொச்சியில் இறங்கியதும் எல்லார் மார்பிலும் ஒரு வட்டமான ஸ்டிக்கரை ஒட்டினார்கள். நாங்கள் ஏழாம் நம்பர் கூட்டம். அக்கா பட்டுச் சேலை கட்டியிருந்தாள். ஊர் சுற்றிப் பார்க்க யார் பட்டுச் சேலை கட்டுவார்கள் என்று நான் கேட்கவில்லை. சேலைமேல் அந்த ஸ்டிக்கரை அவளே அழுத்தி ஒட்டிக்கொண்டாள். தான் உல்லாசப் பயணி என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

பஸ்ஸில் கூட்டிப் போய்ச் சீனவலைகளுக்குப் பக்கத்தில் விட்டார்கள். அங்கிருந்து நடை. வலையில் மீன் விழுந்ததை நான் பார்க்கவில்லை. வலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள்தான் விழுந்துகொண்டே இருந்தார்கள். குடையைத் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டி ஒருவர் முன்னால் நடந்தார். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று வந்தவர்களை எல்லாம் தன் மாமன் மச்சான் மாதிரி வரிசையாகச் சொன்னார். ஒவ்வொருத்தரும் வந்து முந்தினவர் கட்டியதை இடித்திருக்கிறார். அந்த இடிபாட்டுக்கெல்லாம் இப்போது சுண்ணாம்பு அடித்து, முன்னால் இரண்டு நாற்காலி போட்டு, காபி விற்கிறார்கள். சுவருக்குச் சுவர் படம் வரைந்திருக்கிறார்கள். மேலே பாசி, கீழே படம், நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் யோகாசனத்தில். இதைப் பார்க்க எதற்கு இத்தனை செலவு, எங்கள் ஊர்க் கோட்டைக்குக் கீழே தினமும் பார்க்கிற கூத்துதானே என்று தோன்றியது.

ஒரு பழைய கோயிலுக்குள் கூட்டிப் போனார்கள். கடல் வழி கண்டுபிடித்து வந்த ஒருவரை முதலில் இங்கேதான் அடக்கம் செய்தார்களாம். பிறகு மகன் வந்து எலும்புகளை எடுத்துத் தன் நாட்டுக்குக் கொண்டு போனானாம். எல்லாரும் தரையில் இருந்த கல்லைப் போட்டோ எடுத்தார்கள். அக்கா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாரு, பெத்த மகன் கப்பலேறி வந்து கூட்டிட்டுப் போயிருக்கான்" என்று என்னிடம் சொன்னாள்.

செத்தவரை என்று நான் திருத்தவில்லை. அன்றைக்கு நான் அடக்கிக்கொண்ட பேச்சுக்களில் அதுவும் ஒன்று.

அங்கிருந்து வெளியே வந்ததும் அத்தான், கூட்டத்தோடு போனால் வெயிலில் சாக வேண்டியதுதான், கடைத்தெருப் பக்கம் நாமே நடப்போம் என்றார். அக்கா உடனே சரி என்றாள். அந்த வீட்டு விலாசம் ஏழு வருஷமாக அவளுடைய ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. மட்டாஞ்சேரியில், கடைத்தெருவுக்குப் பின்னால். ஆனால் அதை வெளியே எடுத்தால் தேடிப் போவதாகிவிடுமே. ஆகவே எங்கே போகிறோம் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தும், மூன்று பேரும் கட்டடங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தோம். அக்கா ஒரு மிளகு கிட்டங்கியின் பூட்டிய கதவைக்கூட நின்று ரசித்தாள்.

கடைத்தெருவில் ஒரு லாரி முருங்கைக்காய் இறக்கிக்கொண்டிருந்தது. நம் பக்கத்து லாரி, ஒட்டன்சத்திரம் என்று எழுதியிருந்தது. நாங்கள் பேசிய தமிழைக் கேட்டு டிரைவர் இறங்கி வந்தார். தொப்பம்பட்டிக்காரராம். எப்போது வந்தோம் என்று விசாரித்தார். அத்தான் கப்பலில் வந்ததைச் சொன்னார்.

"ஏனுங்க, திண்டுக்கல்லுல இருந்துங்களா? கப்பலுலயா?" என்றார் அவர். எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வாரத்தில் நான்கு நாள் இங்கே வருவதாகவும், நேற்று ராத்திரி ஊரில் சாப்பிட்டுக் கிளம்பியதாகவும் சொன்னார். முருங்கைக்காய்க்கு மானம் ரோசம் கிடையாது. அது வாரம் நான்கு நாள் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அக்கா லாரியைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேகமாக நடந்தாள்.

இங்கேதான் என் புத்தியை நானே செருப்பால் அடிக்க வேண்டும். அத்தான் பூட்டு வியாபாரி. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை ஆர்டர் எடுக்கத் திருச்சூர் போகிறவர். கொச்சி அவருக்குப் புது ஊர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். புது ஊர்க்காரர் மூடி இல்லாத சாக்கடையை, அது கண்ணில் படுவதற்கு முன்பே ஒதுங்கி நடந்தார். முச்சந்தியில் போனைப் பார்க்காமல் இடது பக்கம் திரும்பினார். ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். எங்கள் இரண்டு பேரையும் என்ன வேண்டும் என்று கேட்ட கடைக்காரர், அத்தானிடம் ஒன்றும் கேட்காமல் சர்க்கரை இல்லாத டீயைக் கொண்டுவந்து வைத்தார். கணக்கு டீச்சர் நான், அதைப் பார்த்துக்கொண்டே என் டீயைக் குடித்தேன். இந்த ஊரில் டீக்குச் சர்க்கரை போட மாட்டார்கள் போல என்று வேறு நினைத்தேன்.

அந்தத் தெரு குறுகலானது. நாலாவதோ ஐந்தாவதோ வீட்டு வாசலில் அக்காவின் மகள் நின்றுகொண்டிருந்தாள். தலை சீவிப் பூ வைத்திருந்தாள். எதிர்பார்த்து நிற்கிறவள் என்று குருடருக்கும் தெரியும். அக்கா நடையைக் குறைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். தற்செயலாகக் கண்ணில் படுவதற்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தாள்.

அத்தான் போனில் மகளிடம் எல்லாம் சொல்லித்தான் வைத்திருந்தார். குழந்தைக்குச் சொல்லி வைக்க மட்டும் இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தை, வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தது. யாரென்று தெரியாத இரண்டு கிழவிகளைத் தாண்டிப் போய் அத்தானின் காலைக் கட்டிக்கொண்டது.

"தாத்தா, கொய்யா எங்க?"

அத்தானின் இரண்டு கையும் காலி. அவர் கொண்டு வருகிற பழம் எப்போதும் முந்தின நாள் பறித்ததாக இருந்திருக்கும். இரண்டாவது சனிக்கிழமைகளை நான் அப்போதுதான் கூட்டினேன். எத்தனை மாதம், எத்தனை வருஷம். திருச்சூர்க்காரர்கள் இவ்வளவு பூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை.

அக்கா கைப்பையைத் திறந்தாள். கப்பல் அறையிலிருந்து பொறுக்கி எடுத்து வந்த கொய்யாவில் நான்கு பழம்தான் தேறியது, அதுவும் தோல் கறுத்து நசுங்கியிருந்தது. அவற்றைக் குழந்தையிடம் நீட்டினாள். குழந்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தாத்தாவைப் பார்த்தது. அவர், பாட்டி கொண்டு வந்தது, வாங்கிக்கோ என்று முணுமுணுத்தார்.

அடுத்து மகள் ஒரு தப்புச் செய்தாள். பதற்றத்தில் என் பக்கம் திரும்பி, "சித்தி, போன ஞாயித்துக்கிழமை சொன்னீங்களே, முட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

ஆம், நானும்தான். ஐந்து வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும், பூசை முடிந்து வந்ததும், மாடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். இத்தனை நேரம் அக்காவை இவ்வளவு ஏளனம் செய்தேனே, அதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். அக்கா தெரிந்தால் வருத்தப்படுவாள் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்தப் பிள்ளை என்னிடம் மட்டும் பேசுகிறாள் என்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குரல் இறங்கித்தான் வந்தது.

"எல்லாருக்கும் வழி தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் கப்பலா?"

அத்தான் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அதிலும் ஏதோ படம் வரைந்திருந்தார்கள்.

மகள்தான் படியை விட்டு இறங்கி வந்தாள். "நீதானம்மா வராதன்னு சொன்ன" என்றாள்.

"நான் சொல்லுவேன். நீ எதுக்குக் கேட்ட?" என்றாள் அக்கா.

மகள் அழுதுகொண்டே அவள் சேலையில் இருந்த ஏழாம் நம்பர் ஸ்டிக்கரைப் பிய்த்தாள். பட்டில் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டு, "உள்ள வாம்மா" என்றாள். இவ்வளவுதான் அந்த அழைப்பு. அக்கா செருப்பைக் கழற்றினாள்.

நான்கு மணிக்குக் கப்பல். மூன்று மணிக்கு நான் எழுந்து நேரத்தைச் சொன்னபோது அக்கா சமையலறையில் தேங்காய் திருகிக்கொண்டிருந்தாள், தலையைத் திருப்பவில்லை. அத்தானும் நானும் போய், அவர்கள் இரண்டு பேரும் கொச்சியிலேயே இறங்கிக்கொள்வதாகக் கப்பல்காரர்களிடம் எழுதிக் கொடுத்தோம். அத்தான் இரண்டு பேர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். என்னையும் இருக்கச் சொல்லி மகள் கூப்பிட்டிருந்தாள். அக்கா கூப்பிடவில்லை. எனவே மீதிக் கடலை நான் தனியாகச் சுற்றினேன், கொய்யா வாடை அடிக்கிற அறையில்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர்கள் ஊருக்கு வந்தார்கள். நான் போய்த் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் நின்றேன். என்னோடு பேசுவாளோ மாட்டாளோ என்ற பயம் இருந்தது. அக்கா பஸ்ஸின் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் அழுகிறவள் முகம் மாதிரி இருந்தது.

"எட்டு மணி நேரந்தாண்டி" என்றாள். "வழியில டீக்கு வேற நிப்பாட்டுனான்."