வெறும் டப்பா போகாத வீடு

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருக்கும் மர்ஸூக் ஹாஜியாருக்கு அறுபத்தாறாவது வயதில் ஒரு பரீட்சை வந்தது. வைத்தவள் மகள் நஸ்லா. பாடம் சமையல். பெயிலானால் வீட்டைப் பூட்டிவிட்டு ஹெந்தளைக்குப் போய், மகள் வீட்டு மேல் அறையில் காலத்தைக் கழிக்க வேண்டும்.

மனைவி லுத்பியா மௌத்தாகி, அடக்கம் நடந்து எட்டு மாதம். முதல் மூன்று மாதம் அக்கம்பக்கத்திலிருந்து சோற்றுச் சகனும் கறிக் கிண்ணமும் வந்துகொண்டிருந்தன. பிறகு சனங்களுக்கும் அவரவர் சோலி இருக்குமல்லவா, நின்றுவிட்டது. ஹாஜியார் பேக்கரிப் பாணுக்கும் பிளேன்டீக்கும் இறங்கினார். இரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகப் புறப்பட்டவர் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தேன் என்பது அவர் சொல்வது. விழுந்தார் என்பது பார்த்தவர்கள் சொல்வது.

"ஹெந்தளையில என்ன கொற வாப்பா? அங்கயும் கடல் ஈக்குது தானே" என்றாள் நஸ்லா.

"அது வேற கடல்" என்றார் ஹாஜியார்.

நஸ்லா பள்ளிக்கூட டீச்சர். பிடித்தால் விடமாட்டாள். "சரி, ஒரு மாசம். ஒழுங்கா சமைச்சு சாப்பிட்டுக் காட்டுங்க. அதுக்குப் பொறகு ஹெந்தளை எண்ட சொல்லு என்ட வாயில வராது."

சுடுதண்ணி வைக்கவே இரண்டு நெருப்புக்குச்சி செலவழிக்கிற மனிதர் எதைச் சமைப்பது? அதற்கும் அவளே வழி தேடினாள். மரக்கறியை வெட்டி, மீனைக் கழுவி, தூளை நிறுத்து, எப்படிச் சமைப்பதென்று ஒரு கடதாசியும் வைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். அடுப்பில் வைப்பது மட்டும் நம்முடைய வேலை. போனில் தேடி அப்படி இரண்டு இடத்தைப் பிடித்தாள். முதல் இரண்டு கிழமை ரெடிச்சட்டி என்ற கம்பெனி. அடுத்த இரண்டு கிழமை கொட்டாஞ்சேனையில் டில்ஷானி என்ற பெண் வீட்டிலிருந்து நடத்துவது. கோழி நம்மட ஆக்களின் கடை ஹலால் கோழிதான் என்று அவள் முதலிலேயே சத்தியம் பண்ணியிருந்தாள். மாதம் முடிய ஹாஜியார் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். இரண்டும் நஸ்லாவின் பெயரில், நஸ்லாவின் போனில்.

ரெடிச்சட்டியின் நீல மூடி டப்பா முதல் நாள் வந்தது. ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடதாசியை வாசித்தார். கடுகு நாலு கிராம். கொச்சிக்காய்த் தூள் ஆறு கிராம். அவருக்கு உச்சி கொதித்தது. புறக்கோட்டையில் முப்பத்தேழு வருசம் துணி விற்ற மனிதர். கஜக்கோலால் அளந்த பிறகு நாலு விரல் கூட விட்டுத்தான் கிழிப்பார். நாலு கிராம் கடுகாம்! இவனெல்லாம் வியாபாரியா?

திட்டிக்கொண்டே சமைத்தார். முதல் நாள் கோழி அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் உப்புப் போட மறந்தார். மூன்றாம் நாளைப் பற்றி அவர் கதைப்பதில்லை. நாலாம் நாள் பருப்பு சரியாக வந்தது. ஒரு வாய் வைத்தவுடனே, "இஞ்ச, பாருங்களன்" என்று குசினிப் பக்கம் தலையைத் திருப்பினார். அங்கே யாரும் இல்லை. பிறகு சோறு ஆறுகிறதே என்று இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார்.

சிக்கல் டப்பாவால் வந்தது. புதிய பொதி கொண்டுவரும் ஹெல்மெட்காரர் பழைய டப்பாவைத் திருப்பி வாங்கிப் போவார். ஹாஜியாரும் இரண்டாம் நாளே அதைக் கழுவித் துடைத்து வாசலுக்குக் கொண்டு வந்தார். நீட்டக் கை வரவில்லை.

இந்த வீட்டிலிருந்து வெறும் பாத்திரம் வெளியே போனதில்லை. லுத்பியாவின் சட்டம் அது. நோன்புக்குக் கஞ்சி வந்த கிண்ணத்தில் கடலை வடை போகும். ஒன்றுமில்லாத நாளில் ஒரு கை சீனியாவது போகும். நாற்பது வருசமாக அவர் கண்ணால் பார்த்தது. கம்பெனி டப்பா வேறு, பக்கத்து வீட்டுக் கிண்ணம் வேறு என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "கொஞ்சம் நில்லுங்க" என்று உள்ளே போய், அடிப்பிடித்த கோழியில் கருகாத மூன்று துண்டைப் பார்த்து எடுத்துப் போட்டு, மூடிக் கொடுத்தார். ஹெல்மெட்காரர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்கு இன்னும் பதினெட்டு வீடு.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். ஹாஜியார் தினமும் அனுப்பினார். பொதி ஒரு ஆளுக்குரியது, இதில் பாதியை அனுப்பினால் தனக்குக் காணாது என்று, கீழே கடையில் பயற்றங்காயும் தேங்காயும் வாங்கிக் கூடவே போட்டுச் சமைத்தார். கிராம் கணக்குக் கடதாசி குப்பைக்குப் போனது. கறிக்கு ருசி வந்தது அதற்குப் பிறகுதான்.

ரெடிச்சட்டியில் திரும்பி வரும் டப்பாவை மெசின் நிறுக்கும். பிறகு அதுவாகவே கழுவுகிற இடத்துக்குப் போகும். திறந்து பார்க்க ஆள் இல்லை. ஆக, பதினான்கு நாள் கறியும் கழுவுகிற பீலித் தண்ணியோடு போனது. இது ஹாஜியாருக்கு இன்றுவரை தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு கிழமை முடிய நஸ்லாவின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. உங்கள் பொதிகளில் பாதிக்கு மேல் பயன்படுத்தப்படாமல் திரும்பியுள்ளது. பக்கத்தில் அழுகிற மூஞ்சிப் படமொன்று.

நஸ்லா உடனே தகப்பனுக்குக் கோல் எடுத்தாள்.

"சாப்பிட்டீங்களா வாப்பா?"

"வயிறு நெறய மகள்."

பாணைத் தின்றுவிட்டு சோறும் மீனும் என்று முன்பு சொன்னதும் இதே வாய்தான். நஸ்லா நம்பவில்லை. பொறுத்துப் பார்த்து, டில்ஷானியின் முறை தொடங்கிப் பத்தாம் நாள் அவளுக்கே கோல் எடுத்தாள். அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற சத்தம்.

"எங்கட வாப்பாக்கு அனுப்புற டின் எப்பிடித் திரும்பி வருது?"

"ஐயோ மிஸ், ஒரு நாளும் வெறுமையா வராது. நிறைஞ்சுதான் வரும்!" என்றாள் டில்ஷானி சந்தோசமாக. மிச்சத்தையும் சொல்லத்தான் வாயெடுத்தாள். நஸ்லா போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. பகல் பன்னிரண்டுக்கு நஸ்லா வெறும் சூட்கேசோடு மூன்று மாடி ஏறி வந்தாள். ஹாஜியார் குசினியில் மீன் சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஸலாமுக்குப் பதில் சொன்னவள் நேரே அறைக்குப் போனாள். சூட்கேசைக் கட்டிலில் விரித்து, அலுமாரியிலிருந்து அவர் உடுக்கிற சாரன்களை எடுத்து அடுக்கினாள். ஹாஜியார் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.

"என்ன மகள் இது?"

"பொய் செல்ல வாணாம் வாப்பா. சாப்பாட்டோடயே டப்பா திரும்பிப் போவுதாம்."

"ஓ, போவுது தான்."

"பட்டினி கெடந்து நீங்களும் மௌத்தானா நான் என்ன செய்யிற? உம்மாவும் இல்ல." ஹாஜியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பிப் போகாமல் டப்பா பிறகென்ன செய்யும்?

அந்த நேரம் கீழே த்ரீவீலர் ஹோர்ன் அடித்தது. டில்ஷானியின் புருசன் ஹியூபேட், ஐம்பது வயதுக்காரர், மூச்சு வாங்க மேலே வந்து நின்றார். ஹாஜியார் கழுவி வைத்திருந்த டின்னை எடுத்து, சட்டியிலிருந்து சூட்டோடு மீன் கறியை அள்ளிப் போட்டு, மேலே ஒரு ரம்பை இலைத் துண்டையும் வைத்து, மூடியை இறுக்கிக் கொடுத்தார். நஸ்லா ஒரு சாரனைக் கையில் பிடித்தபடியே அறை வாசலில் நின்று பார்த்தாள்.

"ஹாஜியார், நேத்தைக் கத்தரிக்காய்க்குப் புளி கொஞ்சம் கூடிட்டு எண்டு மனுசி சொல்லச் சொன்னவ" என்றார் ஹியூபேட். "ஆனா பிள்ளையள் வழிச்சுத் திண்டிட்டுதுகள். இது அவ தந்துவிட்ட சீனிச்சம்பல்."

"புளி கூடத்தான். எனக்கும் பட்டிச்சி" என்றார் ஹாஜியார்.

நஸ்லா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் நோன்பு காலத்தில் துணியால் மூடிய தட்டுக்களை இந்தப் படியால் ஏற்றி இறக்கியவள் அவள்தான். ஒரு தரம் வெறும் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வந்ததற்கு உம்மாவிடம் காதுத் திருகு வாங்கியவளும் அவள்தான். அழுதாள். பிறகு சிரித்தாள். ஹாஜியார் எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டு தட்டில் சோற்றைப் போட்டு மேசையில் வைத்தார்.

"உப்புக் கொற" என்றாள் நஸ்லா, இரண்டாம் தரம் கறி போட்டுக்கொண்டு. "ரெண்டுல எத வெச்சுக்கொள்ளப் போறீங்க?"

"கொட்டாஞ்சேன தான். ரெடிச்சட்டிக்காரனுக்குப் பதினாலு நாள் அனுப்பினன். உப்புக் கூட, புளி கொற எண்டு ஒரு வார்த்த இல்ல. திண்டவன் ஒரு சொல்லுச் செல்ல வாணாமா?"

பின்னேரம் நஸ்லா சாரன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலுமாரியில் அடுக்கினாள். ஹெந்தளை என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. சூட்கேசை மூடித் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவளை ஹாஜியார் மறித்தார்.

"வெறுமையாவா கொண்டு போற?"

வாங்கி அதை மேசையில் வைத்துத் திறந்தார். இரண்டு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், டில்ஷானியின் சீனிச்சம்பலில் பாதி, பழைய பேப்பரில் சுற்றி மீன் கறிச் சட்டி. தேங்காய் உருண்டு சட்டியில் முட்டும் போலிருந்தது. கொஞ்சம் யோசித்தார். அலுமாரியின் மற்றக் கதவை, எட்டு மாதமாக யாரும் தொடாத கதவை, திறந்து லுத்பியாவின் இரண்டு சாரியை எடுத்தார். ஒன்று அவருடைய கடைத் துணி, நாலு விரல் கூட விட்டுக் கிழித்தது. தேங்காய் உருளாமல் இரண்டு பக்கமும் அண்டைகொடுத்து வைத்து மூடினார்.

நஸ்லா பார்த்துக்கொண்டு நின்றாள். படியில் மூன்றடி இறங்கித்தான் குரல் வந்தது.

"சட்டிய யாருக்கிட்டயாவது குடுத்தனுப்பவா வாப்பா?"

"வாணாம். நீயே கொண்டு வா" என்றார் ஹாஜியார். "வெறும் சட்டியோட வந்தா கதவு தொறக்க மாட்டன்."