பொட்டு வைத்த கேமரா

2008-ஆம் வருடம், ஆயுத பூஜை முடிந்து கம்பெனி திறந்த நாள் அது. திருப்பூரில் அவிநாசி போகும் வழியில் இருந்த ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு நான் பொறுப்பாக இருந்தேன். எட்டாவது வரை படித்தவள். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா, அளவு சரியா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஹாலில் எல்லோரும் பெண்கள். அன்று நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொங்கும்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் சின்ன முதலாளி புதிதாக ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார். எங்களுக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சரக்கைக் கவனிக்கிற ஆபீஸ் பெங்களூரில். டிசைன் போடுகிறவர்கள் இன்னொரு நாட்டில். ஒரு சாம்பிளுக்குச் சரி என்று பதில் வருவதற்குள் கூரியர் போய் வந்து நாட்கள் ஓடிவிடும். இனி அந்தத் தொல்லை இல்லை, இன்டர்நெட்டிலேயே எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆபீஸ் எடுத்திருக்கிறோம், அவரவர் ஊரில் இருந்தபடியே அதற்குள் வந்து பேசலாம், பார்க்கலாம் என்றார். "நாலு ஊர்ல இருந்தாலும் ஒரே ரூம்ல ஒக்காந்து வேலை செய்யற மாதிரிங்கக்கா" என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. அடிக்கடி என்னை மாடிக்குக் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பனியனை விரித்து, டேப் வைத்து அளந்து காட்டுவேன். எங்கேயோ இருக்கிற வெள்ளைக்கார அம்மா திரையில் சிரித்துக் கையாட்டும். நானும் கும்பிடு போடுவேன். முருகா, என்னைப் போன்றவளுக்கு இதையெல்லாம் காட்டுகிறாயே என்று மனசு நிறைந்துபோகும். வீட்டில் போய் அதையே பேசிக்கொண்டிருப்பேன். "பாஸ்போர்ட்டு இல்லாமயே தினம் லண்டன் போய்ட்டு வர்ற ஆளு, எங்களுக்கெல்லாம் சோறு போடுவியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அதே சமயத்தில்தான் கீழே எங்கள் ஹாலிலும் ஒரு தூணின் மேல்பக்கம் சின்ன உருண்டை ஒன்றை மாட்டினார்கள். மாட்ட வந்தவரிடம் என்னங்க இது என்று கேட்டதற்கு, நெட்டுக்கு என்றார். நகைக்கடையில் நீளமான பெட்டி மாதிரி இருக்குமே, அதுதான் கேமரா என்று எங்களுக்குத் தெரியும். இது எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. எதற்கோ ஒயர் இழுக்கிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் ஹாலில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். புருஷனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. பிறந்து சில மாதங்களே ஆன கைக்குழந்தை. இரண்டு பேரும் சம்பாதித்தால்தான் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியும் என்பதால் சீக்கிரமே வேலைக்கு வந்துவிட்டாள். டீ நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் அவள் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார். ஹாலின் மூலையில் பண்டல்களைச் சுவர் மாதிரி அடுக்கி ஒரு மறைப்பு செய்து கொடுத்திருந்தோம். ஆண்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். ஒரு ஸ்டூலும் போட்டிருந்தோம். அவள் அதில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுப்பாள். சர்ச்சுக்குப் போகிற பெண், மிகவும் அடக்கம். யாராவது அந்தப் பக்கம் திரும்பினாலே முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு வருடமும் மெஷின்களுக்குப் பொட்டு வைக்கிற பொறுப்பு என்னுடையது. குளித்து, ஒரு வேளை விரதம் இருந்து, சந்தனம் குழைத்து எடுத்துப் போவேன். தையல் மெஷின், கத்திரி, தராசு, டேபிள், கம்ப்யூட்டர் என்று எதையும் விட மாட்டேன். நமக்குச் சோறு போடுகிற பொருள்கள் அல்லவா? தூணில் இருந்த அந்த உருண்டையும் கண்ணில் பட்டது. புதிதாக வந்த பொருள், அதற்கும் வைக்காமல் விடலாமா? ஸ்டூலைப் போட்டு ஏறினேன். முன்பக்கம் கண்ணாடி மாதிரி வட்டமாக இருந்தது. நெற்றி போல இருக்கிறதே என்று அந்த இடத்திலேயே தாராளமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, கும்பிட்டு இறங்கினேன்.

விஜயதசமி லீவு முடிந்து கம்பெனி திறந்தது. காலையில் டேபிளுக்கு வந்து நின்றதும் மேனேஜர் கடுகடுவென்று மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏனுங்க, கேமராவுக்குப் பொட்டு வெச்சது யாருங்க? அங்க இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியலையாம். செவப்பாத்தான் தெரியுதாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எங்க இருக்கறவங்களுக்குங்க?" என்றேன்.

"பெங்களூர்ல, வெளிநாட்டுல, எல்லாருக்குந்தானுங்க. உங்க ஹால் வேலைய அவங்க பாத்துட்டுத்தான இருக்கறாங்க."

இன்றைக்கு வெயில் அதிகம் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத் துணியை எடுத்து, ஸ்டூலில் ஏறிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் அந்த உருண்டையைப் பார்த்தேன். அது பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தேன். பண்டல் சுவர் ஆள் உயரம்தான். தூணின் மேலிருந்து பார்த்தால் ஸ்டூல் முழுதாகத் தெரியும். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, நான் புள்ளைக்குப் பால் குடுத்ததையும் பாத்திருப்பாவளா?"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. மேனேஜரை ஸ்டூலிலிருந்து இறங்கச் சொன்னேன். டேபிளுக்கு அடியில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்து, ஏறி, அந்த உருண்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். இதை அவிழ்த்தால் நாங்கள் யாரும் பீஸைத் தொட மாட்டோம் என்று சொன்னேன். மற்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையிலிருந்த பீஸை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். அன்று மாலை லாரி ஏற்ற வேண்டிய சரக்கு டேபிளில் கிடந்தது. மேனேஜர் மிரட்டினார். பிறகு, அதை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள், வேலை நடக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள் என்று சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

சின்ன முதலாளி வந்தார். எல்லோரும் ஒரே ரூமில் இருக்கிற மாதிரி இருந்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும், அந்த நம்பிக்கையில்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள் என்றார்.

"ஒரே ரூமுன்னு சொல்றீங்க தம்பி. அவங்க எங்கள பாக்கறாங்க. இந்த ஹால்ல இருந்து நாங்க யாரைப் பாத்தோம்?" என்று கேட்டேன்.

அவர்கள் பார்ப்பதை எனக்குக் காட்டுங்கள் என்றேன். மாடிக்கு அழைத்துப் போனார். நான் கும்பிடு போட்ட அதே கம்ப்யூட்டர்தான். திரையில் கட்டம் கட்டமாக ஒவ்வொரு ஊர். இத்தனை நாளும் எனக்குக் காட்டாத ஒரு கட்டத்தில் எங்கள் ஹால். துணி கட்டியிருந்ததால் இருட்டாக இருந்தது. இதற்கு முன்னால் பதிவானது இருக்குமா என்று கேட்டேன். ஒரு வாரம் வரை இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும் என்றார்.

அப்போது பெங்களூர்க் கட்டத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். ஹால் ஏன் தெரியவில்லை என்று கேட்டார். சின்ன முதலாளி இங்கிலீஷில் ஏதோ மழுப்பினார். நான் குறுக்கே புகுந்து தமிழிலேயே விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் தெரிந்திருந்தது. முகம் மாறிவிட்டது.

"நான் ரெண்டு டைம் சொன்னேனே சார். பேபிக்குப் பால் குடுக்கறாங்க, அந்தக் கேமராவைத் திருப்பி வைங்கன்னு சொன்னேனே."

நான் சின்ன முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "மறந்துட்டனுங்கக்கா" என்றார்.

மறந்துவிட்டாராம். சாம்பிளில் ஒரு பட்டனின் நிறம் மாறியிருந்தால் மறப்பாரா? காலர் அளவில் சொல்லிய திருத்தத்தை மறப்பாரா? வாழ்க்கையில் அன்றைக்கு வந்தது போல எனக்குக் கோபம் வந்ததே இல்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

பெங்களூர் அம்மா பதிவானதையெல்லாம் நான் பார்க்கும்போதே அழித்தார். எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று அவரிடம் கேட்டேன். தெரியவில்லை என்றார். அந்தப் பெண்ணிடம் தானே மன்னிப்புக் கேட்கிறேன், மாடிக்குக் கூட்டி வாருங்கள் என்றார். நல்ல மனசுதான். கீழே போய்ச் சொன்னேன். "அந்த ரூமுக்குள்ள நான் வரமாட்டேங்க்கா" என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

கேமராவை டேபிள் மட்டும் தெரிகிற மாதிரி மாற்றி வைத்தார்கள். நான் நேரில் நின்று பார்த்த பிறகுதான் பெண்கள் எழுந்தார்கள். சரக்கு லாரி ஏறியது. கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நஷ்டம் அவளுக்குத்தான். ஊரார் வாயால் தெரிவதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம் என்று அன்று மாலை புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் கம்பெனிக்கு வந்து சண்டை போடவில்லை. "அங்க ஏன் போய் ஒக்காந்தே?" என்று அவளைத்தான் கேட்டிருக்கிறான். அந்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். கம்பெனியிலிருந்து யாரும் அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் கேட்டதைக் கிளம்புகிற அன்று மாமியார் என்னிடம் சொல்லி அழுதபோது, குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

கிருத்திகைக்குக் கிருத்திகை நான் கோயிலுக்குப் போகிறேன். முருகனுக்கு அலங்காரம் நடக்கும்போது திரை போட்டுவிடுவார்கள். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், எவ்வளவு பெரிய மனிதர் வந்து நின்றாலும் திரைக்கு வெளியேதான் நிற்க வேண்டும். சாமிக்கே அப்படி ஒரு மரியாதை செய்யத் தெரிந்த ஊரில், பிள்ளைக்குப் பால் கொடுத்த ஒரு தாய்க்குச் செய்யத் தெரியவில்லையே என்று அங்கே நிற்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது. திரை விலகியதும் அவனிடம் எத்தனையோ வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கோபத்தை ஆற்று என்று மட்டும் இதுவரை வேண்டிக்கொண்டதில்லை.