பழைய ஃபோனுக்குப் போன வார்த்தைகள்

என் அம்மாவுக்குக் காது அநேகமாகக் கேட்காது. மெஷின் வாங்கிக் கொடுத்தோம். வைத்தால் தலைக்குள் மிக்ஸி ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாள். ஃபோனில் கூப்பிட்டால் "ஆங்? என்ன?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவாள். ஆனால் அவள் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எழுத்து என்று வந்துவிட்டால் அவளை நிறுத்த முடியாது. தம்பி வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, ஒற்றுப் பிழைகூட இல்லாமல் எழுதுவாள். சமையல், சளி, ஞாயிறு பூசையில் சாமியார் சொன்ன பிரசங்கம், பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் வரும்.

அப்பா இறந்த பிறகு அம்மா கோயம்புத்தூரில் தம்பி வீட்டில் இருந்தாள். நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தங்கை பெங்களூரில். நாலு பேரும் ஒரே கம்பெனி சாமான்தான் வைத்திருந்தோம்; அம்மாவின் டேப்லெட்டும் அதே கம்பெனிதான். தம்பி முதன்முதலாக வெளிநாடு போய்விட்டு வந்தபோது எனக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். அது பழசானதும் நானே அதே கம்பெனியில் அடுத்ததை வாங்கினேன். அந்தக் கம்பெனி ஃபோன்களுக்குள்ளேயே மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் வசதி உண்டு. அதில் எங்கள் நாலு பேருக்கு ஒரு குரூப். அம்மாவுக்கும் எனக்கும் இடையில் இருந்த பேச்சு முழுக்க, குரூப்பிலும் தனியாகவும், அதற்குள்தான் நடந்தது.

பத்து வருடத்துக்குப் பக்கமாக நான் அந்தக் கம்பெனியின் சம்பளம் வாங்காத ஏஜென்ட். ஸ்டாஃப் ரூமில் யாராவது ஃபோன் ஹேங் ஆகிறது என்று சொன்னால் போதும், "நான் அப்பவே சொன்னேன்ல டீச்சர்" என்று ஆரம்பித்துவிடுவேன். என் பேச்சைக் கேட்டு மூன்று டீச்சர்கள் மாறினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மாறவில்லை. "எனக்கு கூப்ட்டா கேக்கணும், அம்புட்டுத்தான்" என்பார்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு அப்டேட் வந்தது. போட்டேன். மறுநாளிலிருந்து ஃபோன் இட்லிச் சட்டி மாதிரி கொதித்தது. பாதி சார்ஜ் இருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துபோகும். பேட்டரி மாற்றினேன். அதற்கும் அடங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த மாடல கம்பெனியே கை கழுவிட்டான். நீங்க புதுசு வாங்கணும்னுதான் அவன் நெனப்பு" என்றார். அது எவ்வளவு உண்மையோ எனக்குத் தெரியாது. ஆனால் ஊரெல்லாம் சிபாரிசு செய்த நான் கடை வாசலில் சூடான ஃபோனைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றபோது, வாழ்க்கைப்பட்ட வீட்டில் அவமானப்பட்டது போல இருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். அம்மாவுக்குச் சளி, பயணம் ஒத்துக்கொள்ளாது என்று மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். என் ஃபோனைக் கையில் எடுத்ததும், "விட்ருக்கா. அந்தப் பக்கம் மாறிரு. இப்ப அதுதான் நல்லாருக்கு" என்றான். அவனும் என்னைப் போலவே அந்தக் கம்பெனிக்குக் கோயில் கட்டாத குறை. அவனே சொல்கிறான் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று, அன்று சாயங்காலமே போய் மற்ற வகை ஃபோன் ஒன்று வாங்கினோம்.

மறுநாள் மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்தான். இரண்டு ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம்பர்கள், படங்கள், பாங்க் எல்லாவற்றையும் மாற்றினான். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். எனக்கு ஒரே கவலைதான்.

"நம்ம குரூப்பு?"

"அது அந்தக் கம்பெனி ஃபோனுக்குள்ள மட்டுந்தான் ஓடும்க்கா. இனிமே எல்லாரும் வைக்கிற இந்த ஆப்ல பேசிக்குவோம். புதுசா ஒரு குரூப் போட்டுர்றேன்."

"அம்மா டேப்லெட்ல?"

"ஊருக்குப் போனதும் நான் போட்டுத் தர்றேன். நீ ஏன் கவலப்படுற?"

பழைய ஃபோனை அணைத்துப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

புதுக் குரூப் வந்தது. தம்பி மகள் டான்ஸ் ஆடும் படம், தங்கை வீட்டுப் பூனை எல்லாம் வந்தன. அம்மா எழுதவில்லை. "சாப்டியாம்மா?" என்று நான் போட்டால், "அம்மா நல்லாருக்காங்கக்கா" என்று தம்பி பதில் போடுவான். கேட்டதற்கு, டேப்லெட்டில் சார்ஜ் நிற்கவில்லை, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றான். எனக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ், திருப்புதல் தேர்வு என்று மூச்சு விட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் அம்மா முகத்தைக் காட்டுவான். நான் கையை ஆட்டுவேன். அம்மா ஆட்ட மாட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

சிறுமலையில் அம்மாவுக்கு ஒரு தோட்டம் உண்டு. ஓய்வு பெற்றபோது தன் பணத்தில், தன் பேரில் வாங்கியது. மலை வாழையும் எலுமிச்சையும், மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும். அதைப் பார்த்துக்கொண்டது நான்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறிப் போய், கூலிக்கு ஆள் வைத்துக் களை எடுத்து, சாயங்கால பஸ்ஸில் இறங்குவேன். கணக்குப் பாடத்தை விட்டால் எனக்கு இருந்த ஒரே வேறு வேலை அதுதான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பொதுத்தேர்வு தொடங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை போனேன். தோட்டத்தைச் சுற்றிக் கல் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். மிளகுக் கொடி ஏறியிருந்த மரங்களில் நாலைந்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கொடி பச்சையாகவே தரையில் கிடந்தது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள்.

"ஏனுங்க, யாரப் பாக்கோணும்?"

"இது எங்க அம்மா தோட்டம். நீங்க யாரு?"

அவர் சங்கடப்பட்டார். "எங்க மொதலாளி வாங்கிட்டாருங்களே. போன மாசமே கிரயம் ஆயிருச்சுங்க. வயசான அம்மா ஒருத்தரு, அவங்க மகன், ரெண்டு பேரும் திண்டுக்கல்லுக்கு வந்து கையெழுத்துப் போட்டாங்க. உங்களுக்குச் சொல்லலீங்களா?"

சாய்ந்து கிடந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பஸ் நிற்கும் இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நடந்து போய்த் தங்கையைக் கூப்பிட்டேன்.

"ஒனக்குத்தான் தெரியுமேக்கா" என்றாள் அவள்.

"எனக்கு யாருடி சொன்னா?"

"அண்ணன் குரூப்ல கேட்டாருல்ல? நான் சரின்னேன். நீ ஒண்ணும் சொல்லல. அக்கா பாத்துட்டா, பேசாம இருக்கான்னா சம்மதந்தான்னு அண்ணன் சொன்னாரு."

"எந்த குரூப்ல?"

"நம்ம குரூப்லதான். நாலு பேரும் எப்பவும் பேசுவோமே, அதுல."

"நான் அந்த ஃபோனை மாத்தி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுடி."

"அப்ப புது குரூப்பு?" என்றாள். "அது சும்மா ஃபோட்டோ போடுறதுக்குன்னுல அண்ணன் சொன்னாரு. ஓம் பேரு இதுலயும் இருக்கேக்கா."

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து பழைய ஃபோனை எடுத்துச் சார்ஜில் போட்டேன். வைஃபை பிடித்ததும் ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்தது. ஃபோன் மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. என் நம்பர் அந்தக் கம்பெனிக் கணக்கில் அப்படியே இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட ஒரு நிமிட வேலை போதும் என்று பிறகு தெரிந்தது. எடுக்காததால் அவர்கள் அனுப்பியதையெல்லாம் கம்பெனி வாங்கி, அணைந்து கிடந்த ஃபோனுக்காக வைத்துக்கொண்டது. எனக்குச் சேரவில்லை என்று அனுப்பினவர்களுக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு வந்திருக்கிறது என்று எனக்கும் சொல்லவில்லை.

தம்பியின் மெசேஜ் ஜனவரியில் அனுப்பியது. "மலைத் தோட்டத்த வித்துரலாம்னு இருக்கோம். ஏதாவது சொல்லணும்னா சொல்லுக்கா." அதே நாளில்தான் அவன் தன் மகளின் டான்ஸ் படத்தை எனக்குப் புதுக் குரூப்பில் அனுப்பியிருந்தான். நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் இல்லாத இடத்தில் போய்க் கேட்டிருக்கிறான்.

அதற்குக் கீழே தங்கையின் 'சரி'. மற்றதெல்லாம் அம்மா எனக்குத் தனியாக எழுதியது.

"மகளே, புது ஃபோன் பழகிவிட்டதா?"

"பதில் இல்லையே. வேலை அதிகமா?"

"தோட்டத்தை விற்கலாம் என்கிறான். அதைப் பார்த்துக்கொள்பவள் நீ. நீ வேண்டாம் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். உன் மனத்தில் இருப்பதைச் சொல்."

"என் மேல் கோபமா? நான் என்ன தவறு செய்தேன்?"

"நாளைக்குப் பத்திரப் பதிவு. திண்டுக்கல் வருகிறேன். பள்ளியில் அனுமதி கேட்டு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போ."

"பதிவு அலுவலகத்தின் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வரவில்லை. உனக்கு அவ்வளவு வேலையா என்று உன் தம்பியிடம் கேட்டேன். ஆமாம் என்றான்."

அந்த ஆபீசுக்கும் என் பள்ளிக்கும் நடந்து போகிற தூரம்தான். அன்றைக்கு நான் ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்திருப்பேன். என் வீட்டுக்காரர் வாசித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய், காலை பஸ்ஸுக்கு விசாரித்துவிட்டு வந்தார்.

மறுநாள் கோயம்புத்தூருக்குப் போனோம். கதவைத் திறந்த தம்பி, என் கையில் இருந்த பழைய ஃபோனைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"அக்கா, அது வந்து, நம்பர எடுத்துவிட மறந்துட்டேன்..."

"மறந்தது சரி. டேப்லெட்டு ரிப்பேர்னியே, அது?"

டேப்லெட் அம்மா மடியில்தான் இருந்தது. அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அவள் முன்னால் கீழே உட்கார்ந்து டேப்லெட்டை வாங்கி, "நீ எழுதுனது ஒண்ணுகூட எனக்கு வரலம்மா" என்று எழுதிக் காட்டினேன். அவள் நம்பவில்லை. பழைய ஃபோனைக் கொடுத்தேன். எல்லா மெசேஜுக்கும் நேரே நேற்றைய தேதியில் வந்து சேர்ந்ததாகக் காட்டியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு புதுக் குரூப்பில் நான் "சாப்டியாம்மா" என்று கேட்டிருந்ததையெல்லாம் காட்டினேன். அதைப் படித்துவிட்டு என் தலையில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் தம்பியைப் பார்த்தாள்.

அவன் சத்தமாக ஏதோ சொன்னான்.

"கேக்கல. எழுது" என்று டேப்லெட்டை நீட்டினாள்.

வாங்கி வைத்துக்கொண்டு நின்றான். எழுதவில்லை. அவன் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். கடைசியில் டேப்லெட்டைச் சோபாவில் வைத்துவிட்டு என்னிடம்தான் சொன்னான்: "ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்க்கா. ஒங்கிட்ட கேட்டா நீ வேணாம்ப. நீ வேணாம்னா அம்மா போடமாட்டாங்க. வேற வழி தெரியல."

"எங்கிட்ட சண்ட போட்டு வாங்கிருக்கலாமேடா. அழுதிருந்தாக்கூட குடுத்துருப்பேன்."

"தெரியும்க்கா" என்றான்.

அந்த 'தெரியும்' என்ற வார்த்தைதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. தெரிந்தும், அதைவிட எது சுலபமோ அதைச் செய்திருக்கிறான். இரண்டு மாதம் அம்மா என் மேல் மனம் நொந்து கிடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறான்.

அன்றே அம்மாவை எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். புதுக் குரூப் இருக்கும் ஆப்பை நானே அவள் டேப்லெட்டில் போட்டேன். தோட்டம் போனது போனதுதான். அம்மா பேரில் இருந்தது, அம்மா போட்ட கையெழுத்து. கேஸ் போடலாமா என்று ஒரு வக்கீலைக் கேட்கலாம் என்றார் வீட்டுக்காரர். அம்மா கூடாது என்று சொல்லிவிட்டாள்.

பள்ளிக்கூட விடுமுறை முடிகிறவரை எங்களோடு இருந்தாள். ஜூன் மாதம் தம்பி வந்து நின்றான். பேரப்பிள்ளை பாட்டியைத் தேடுகிறது என்றான். அம்மா ஒன்றும் கேட்காமல் பையை எடுத்து வைத்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. என் பதில் வரவில்லை என்று என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டவள், அப்படி ஒரு காரியம் செய்தவனோடு பஸ் ஏறிப் போனாள். அவளுக்கு மகன் வேண்டும். அது எனக்கும் புரிகிறது. புரிந்தும் அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை.

இப்போது அம்மா தினமும் எழுதுகிறாள். தம்பியோடு நான் பேசாமல் இல்லை. அம்மாவின் மாத்திரை, கண் டாக்டர் என்று கேட்கவேண்டியதைக் கேட்பேன். போன வாரம் அம்மா எழுதியிருந்தாள்: "அவனிடம் பழையபடி பேசு. நான் இருக்கும்போதே பேசு."

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். அடுத்த பீரியடுக்கு மணி அடித்தது. "முடியலம்மா" என்று அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போனேன்.