ஸ்பாட்ஸிக்குக் குரல் கிடையாது

எமில் வோஜிக் வானொலியில் பேசினால், கிளீவ்லாந்துப் பெண்கள் குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பார்களாம். பிறகு தொலைக்காட்சி வந்தது. நிலையத்தார் அவர் முகத்தைப் பார்த்தார்கள். வெள்ளைப் பூச்சு பூசி, சிவப்பு மூக்கு ஒட்டி, குழந்தைகள் நிகழ்ச்சியின் ஊமைக் கோமாளி ஸ்பாட்ஸி ஆக்கிவிட்டார்கள். வேஷத்தில் இருக்கும்வரை, கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தக் குழந்தை முன்னாலும் அவர் வாய் திறந்து பேசக்கூடாது. அதுதான் கட்டளை.

1954 இலையுதிர்காலத்தில் மாலைச் செய்தி வாசிப்பவர் வேலையை விட்டுச் சிகாகோ போனார். அந்த நாற்காலிக்காக மேலாளர் ஹாஸ்கலை நச்சரித்து எமில் ஒரு சம்மதம் வாங்கினார்: "சரிப்பா, வெள்ளிக்கிழமை ஷோ முடிஞ்சதும் வாசிச்சுக் காட்டு."

வெள்ளிக்கிழமை அன்று, குழந்தைகள் நிகழ்ச்சியை நடத்தும் டச் மாமாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. நேரலையின் நடுவில் பால் கம்பெனி விளம்பரம் வந்தது. மாமா புட்டியைத் தூக்கிப் பிடித்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. புது வேடிக்கை என்று நினைத்து அரங்கத்துக் குழந்தைகள் கெக்கலித்தன. மாமாவின் முகம் வெளிறியது.

எமில் பெரிய சப்பாத்துகளோடு தடதடவென்று திரைக்குப் பின்னால் ஓடினார். அங்கே இருந்த மைக்கைப் பிடித்தார். தினமும் கேட்டுக் கேட்டு மனப்பாடமான விளம்பரம்தான். குரல் வெண்ணெயாக வழிந்தது. மாமா புட்டியோடு சிரித்தபடி நின்றார். யார் பேசுவது என்று குழந்தைகள் கூரையைப் பார்த்தன.

நிகழ்ச்சி முடிந்ததும் ஹாஸ்கல் நடைவழியில் ஓடி வந்தார். "அசத்திட்ட எமில்! பால் கம்பெனிக்காரன் போன் போட்டு, யாருய்யா அந்தக் குரல்னு கேக்கறான்."

"நான்தான்னு சொன்னீங்களா சார்?"

"உனக்கென்ன பைத்தியமா? ஸ்பாட்ஸி ஊமைன்னு ஊர்ப் பிள்ளைங்க மொத்தமும் நம்பிட்டிருக்கு. பால் கம்பெனிக்காரனுக்கு அந்தக் குரல் தினமும் வேணுமாம். திரைக்குப் பின்னாடி நின்னு பேசிட்டு, ஓடி வந்து குட்டிக்கரணம் போட்டுடு."

"அப்போ செய்தி?"

"பால் விக்கிற குரல் வந்து ஜனாதிபதி பேச்சைச் சொன்னா எவன்யா நம்புவான்?"

"என் மூஞ்சியை எடுத்துக்கிட்டது போதாதா சார்?"

"மூஞ்சி ஸ்பாட்ஸிக்கு. குரல் பாலுக்கு. மிச்சம் என்ன இருக்கோ, அதை வச்சு நியூஸ் படி!"

எமிலுக்கு ரத்தம் தலைக்கேறியது. கத்துவதற்கு மூச்சை இழுத்தார்.

"ஷ்ஷ்! பிள்ளைங்க!" என்றார் ஹாஸ்கல்.

கோட்டு மாட்டிய குழந்தைகள் கோமாளியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக நடைவழிக் கதவருகே அப்போதுதான் வந்து வரிசையில் நின்றன. எமில் வாயை மூடிக்கொண்டார். முஷ்டியை ஆட்டினார், சுவரை உதைத்தார், தொப்பியைத் தரையில் போட்டு மிதித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த குழந்தைகள் கை தட்டின. ஹாஸ்கலும் தட்டினார்.

"நல்லாருக்குப்பா," என்று எமிலின் காதோடு சொன்னார். "திங்கக்கிழமை ஷோவுல இதையும் சேத்துக்கோ."