ஒரு நாளும் வராத செல்லமுத்து

மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டில் இண்டர்மீடியட் தேறிய முதல் ஆள் செல்லமுத்து. 1936-இல் பி.ஏ. படிப்பதற்காகச் சேலத்துச் சின்னக் கல்லூரியை விட்டுத் திருச்சியில் ஒரு பெரிய கல்லூரிக்கு மாறினார். மலையின் முதல் பி.ஏ. தன் மகன்தான் என்று அப்பா அப்பாசாமி சந்தை சந்தையாகச் சொல்லி வைத்திருந்தார்.

மலையில் ஒரு வழக்கம். யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாம் தடவைதான் வாய் திறக்க வேண்டும். காட்டில் திரிகிற மோகினி இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட மாட்டாளாம். அதற்குள் குரல் கொடுத்தவனைக் கையோடு கூட்டிப் போய்விடுவாளாம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். பி.ஏ. வகுப்பு இரண்டுக்கும் நடுவில்தானே இருக்கிறது!

சேலத்தில் வகுப்புக்குப் பதினெட்டுப் பேர். வாத்தியார் முகத்தைப் பார்த்தே வருகையைக் குறித்துக்கொண்டார். திருச்சியில் நூற்றிருபது பேர். விரிவுரையாளருக்கு ரிஜிஸ்டரிலிருந்து தலையை எடுக்க நேரமில்லை. பெயரும் ஒரு தடவைதான் கூப்பிடுவார். மற்றவர்கள் முதல் குரலுக்கே ‘பிரசண்ட் சார்’ என்று கத்துவதைப் பார்த்து, கீழ்நாட்டுக்காரர்களுக்கு உயிர்மேல் இவ்வளவு அலட்சியமா என்று செல்லமுத்து இரக்கப்பட்டார். தான் முன்பெஞ்சில் இருப்பதுதான் தெரிகிறதே, அது போதாதா?

பரீட்சைக்கு முன் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். “ஒரு நாள்கூட வரவில்லையே, எப்படிப் பரீட்சை எழுத விடுவது?”

“ஏனுங்க, தெனமும் முன்பெஞ்சுலதானுங்க உக்காந்திருந்தேன். சாரையே கேளுங்க.”

விரிவுரையாளர் உத்தமர், பொய் சொல்லவில்லை. “உட்கார்ந்திருந்தார். கரும்பலகையைக்கூட இவர்தான் துடைப்பார். ஆனால் ரிஜிஸ்டர்படி வரவில்லை.”

செல்லமுத்து மலை வழக்கத்தைச் சொன்னதும் முதல்வருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, இப்போது கூப்பிடுகிறேன். பதில் சொல்லும், பரீட்சை எழுதலாம். செல்லமுத்து!”

சந்தையில் நிற்கும் அப்பாவை நினைத்துக்கொண்டார். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். நாக்கு எழும்பவில்லை.

“செல்லமுத்து!”

இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும். முதல்வர் ரிஜிஸ்டரை மூடினார்.

செல்லமுத்து ஒரு சான்றிதழோடு மலையேறினார். ‘வருகை: இல்லை. நடத்தை: மிக நன்று.’ வராதவனுடைய நடத்தையை எங்கே போய்ப் பார்த்தார்களோ! அப்பாசாமி மூன்று மாதம் சந்தைப் பக்கமே தலைகாட்டவில்லை.

பிறகு அதே மலையில் பெரக்கரை நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானார். முப்பது பிள்ளைகளையும் மும்மூன்று தடவை கூப்பிட்டு முடிப்பதற்குள் பாதிக் காலை போய்விடும். பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார். “மூன்று தடவையும் பதில் வராவிட்டால் என்ன ஐயா செய்வீர்?”

“தலையைத் தூக்கிப் பாப்பேனுங்க. ஆளு உக்காந்திருக்குமுங்க.”