லவாலில் தகப்பன், பியர்பொன்ட்ஸில் மகன்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரொறன்ரோவில் பஸ் ஏறும்போதே எனக்குக் கோபம். ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர் போயும் அது ஆறவில்லை. அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் விட்டுப்போன ஒரே படத்தை என் அண்ணனும் தம்பியும் இரண்டாக வெட்டிப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

ஜப்பானியப் பட்டுத்துணி ஓவியம் அது. அவர்கள் நகரத்து நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அப்பா வேலையாகப் பராமரித்த ஒரு வயதான ஜப்பானிய அம்மா கொடுத்தது. பழைய போர்க்கதையொன்றின் காட்சி: சாவு நிச்சயம் என்று தெரிந்தே போருக்குப் போகும் தகப்பன், கூடவே வருவேன் என்று மண்டியிட்ட மகனிடம் தன் வாளைக் கொடுத்து, தாயிடம் திரும்பிப் போகச் சொல்கிறான்.

பிற்பகல் மூன்று மணிபோல் பியர்பொன்ட்ஸ் போய்ச் சேர்ந்தேன். தம்பி வீட்டுச் சுவரில் மகன் மட்டும் மண்டியிட்டிருந்தான். வெறும் காற்றை நோக்கிக் கை நீட்டியிருந்தான். காணி பிரிப்பதுபோல அடிமட்டம் வைத்து வெட்டினார்களாம். படத்திலிருந்த மரம் முழுக்க அண்ணன் பக்கம் போய்விட்டதாம். அதனால் ஆறு மாதமாகப் பேச்சில்லை. யாழ்ப்பாணத்து வேலிச் சண்டையை விசா இல்லாமலே இங்கே கூட்டிவந்துவிட்டார்கள்.

இரண்டையும் ரொறன்ரோவில் ஒட்டுவிக்கிறேன் என்று அவனுடைய பாதியைச் சுருட்டி வாங்கினேன். ஒட்டியதும் தனக்கே தரவேண்டும் என்றான். தலையாட்டி வைத்தேன்.

ஞாயிறு காலை, ஆரஞ்சு லைன் மெட்ரோவில் லவால். அண்ணன் காருடன் நின்றார். கத்தியை எடுக்கக் கை எப்படி வந்தது என்று வழி முழுக்கத் திட்டினேன். அவர் படுக்கையறையில் தகப்பன் தனியே வாளை நீட்டிக்கொண்டிருந்தான். கழற்றித் தரச் சொன்னேன்.

"தரமாட்டன். தம்பி கடைசிவரைக்கும் அப்பாவோட இருந்தவன். என்னைப் பதினாலு வயசில தனிய இங்க அனுப்பிப்போட்டார். எனக்கு அப்பா வேணும்."

நாங்கள் இங்கே வந்துசேரப் பன்னிரண்டு வருடமாயிற்று. அதுவரை இந்த நகரில் அவர் தனியாள்.

"அதுக்கு வெட்டுறதே?" என்றேன். குரல் முன்போல ஏறவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அண்ணனை அனுப்பவைத்த யுத்தத்தின் மீதும், ஒருநாளும் இதைப் பேசாத அப்பாவின் மீதும் சேர்த்துக் கோபம் வந்தது. பையிலிருந்த பாதியை எடுத்து அவருடைய பாதியோடு ஒட்டினாற்போலச் சுவரில் ஊசியால் குத்தினேன். வெட்டுக்கோடு பளிச்சென்று தெரிந்தது. தெரியட்டும்.

திரும்பும் பஸ் கிங்ஸ்ரனைத் தாண்டியதும் தம்பிக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். குதித்தான். தன் பங்கைத் திருடிவிட்டேன் என்றான்.

"ஓம், திருடித்தான் குடுத்தனான். பாக்கவேணுமெண்டால் போய் அண்ணையின்ர கதவைத் தட்டு."